பட்டைக்கொல்லையில் ஒரே அளவுச் செடிகள்

1

இன்று பிப்ரவரி மாதத்தின் முதல் சனிக்கிழமை. சென்ற ஆண்டு இதே முதல் சனிக்கிழமையில், முற்பகல் வெயிலில், ஆம்பூரில் எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமான ஒரு துண்டு நிலத்தின் முன்னால் நின்றிருந்தேன். கண் பார்த்ததை மனம் ஏற்க மறுத்தது. நாள் கிழமை குறித்து வைப்பது என் நெடுநாள் வழக்கம். இந்த ஊரில் முதல் பனி விழுந்த நாள், என் மகள் மீரா முதல் பல்லை இழந்த நாள், ஆம்பூர் ரயில் நிலையத்தில் கடைசியாக அப்பாவைப் பார்த்த நாள் என எல்லாம் தேதியோடு இருக்கின்றன. அந்தச் சனிக்கிழமைக்கு நேராக மட்டும் ஒரு வருடமாக எதையும் எழுதவில்லை. எழுதினால் அது நடந்ததாகிவிடும் என்று ஒரு பயம்.

நான் இருப்பது நெதர்லாந்தின் தெற்கில், ஒரு காலத்தில் தோலும் செருப்பும் செய்து வாழ்ந்த வால்வைக் என்ற சிற்றூர். கணவரின் வேலைக்காக வந்தோம். வந்த இடத்திலும் தோல்தான் வாய்த்தது. இங்கே யாரும் ஷூ தைப்பதில்லை. ஆசியாவிலிருந்து வருவதைப் பெட்டி பிரித்துச் சரிபார்த்துக் கடைகளுக்கு அனுப்புகிறார்கள். அப்படி ஒரு கிடங்கில் எனக்கு வேலை. காலையில் சைக்கிளில் போவேன். வெள்ளை விளக்கின் கீழ் நின்று, வலது காலையும் இடது காலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். நிறம் இழையளவு மாறினாலும் ஒதுக்கிவிட வேண்டும். திருமணத்துக்கு முன் ஆம்பூர் ஷூ கம்பெனியில் செக்கிங் மேசையில் கற்றதுதான் இங்கும் சோறு போடுகிறது. ஜோடி சேராதது கழிவு. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் கம்பெனிக்குப் போகிறவர் என்பதால், எங்கள் எல்லோருடைய கண்ணும் அப்படியே பழகிவிட்டது. சட்டை மடிப்பதிலிருந்து பந்திக்கு இலை போடுவது வரை, ஒன்றுக்கொன்று ஒத்திருந்தால்தான் சுத்தம் என்று தோன்றும்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவது இது இல்லாமல் புரியாது.

2

மீரா இங்கேயே பிறந்தவள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழ் அவளுடையது. நன்றாக வாசிப்பாள். பேசும்போது, சுற்றி வளைத்துச் சொல்வது, பாதியில் நிறுத்துவது, "பாக்கலாம்" என்று சொல்லி "மாட்டேன்" என்று பொருள்பட வைப்பது எதுவும் வராது. அவளுக்குத் தெரிந்த தமிழில் ஒரு செய்திக்கு ஒரு வாக்கியம்தான் உண்டு. என் தம்பி சேகர் அதற்காகவே அவளைச் சீண்டுவான். "இன்னாடி, டச்சுக்காரி மாதிரி நெத்தியடியா பேசுற?" என்பான் போனில். "நான் டச்சுக்காரிதான் மாமா," என்பாள் இவள்.

முனைவர் பட்டத்துக்கு அவள் செய்யும் ஆய்வு, ஒரே இனத்தைச் சேர்ந்த செடிகளுக்குள் மரபணு அளவில் எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்பது. முதலில் எனக்கு இது ஒரு படிப்பாகவே படவில்லை. ஏப்ரலில் ஒரு நாள் காரில் போகும்போது சாலையோரத்துத் துலிப் வயலைக் காட்டினாள். கண்ணுக்கெட்டிய வரை சிவப்பு.

"இந்த வயலில் எத்தனை செடி இருக்கிறது அம்மா?"

"லட்சம் இருக்குமா?"

"ஒன்று. ஒரே கிழங்கைப் பிரித்து, அதைப் பிரித்து, மறுபடியும் பிரித்து. எல்லாம் நகல். ஒரு நோய் வந்து ஒன்றைக் கொன்றால், எல்லாவற்றையும் கொல்லும்."

அதன் பிறகு அந்த வயல்களை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை.

அவள் ஆராய எடுத்துக்கொண்டது ஆவாரம். அது நான் கொடுத்த யோசனைதான். குரோம் உப்பு வருவதற்கு முன்னால் எங்கள் பக்கம் தோல் பதனிட உதவியது ஆவாரம்பட்டை என்று சொல்லியிருந்தேன். என் தாத்தா ஆம்பூரில் பட்டை மண்டி வைத்திருந்தவர். கோலார், சித்தூர், கிருஷ்ணகிரி, சேலம் என்று நாலு திசையிலிருந்தும் பட்டைக் கட்டுகள் வந்து இறங்குமாம். மண்டியில் தட்டித் துண்டாக்கித் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு அனுப்புவார்கள். தூசியும் குச்சியும் பின்பக்கக் கொல்லையில் கொட்டப்படும். குரோம் வந்ததும் மண்டி மூடியது. பட்டைக்கொல்லை என்ற பெயர் மட்டும் அந்த நிலத்துக்கு நின்றுவிட்டது. அதன் ஓரமாக ஒரு தோல் ஷாப்பின் கழிவுநீர் வருடக்கணக்கில் ஓடியது. பிறகு அந்த ஷாப்பும் மூடியது. மண்ணில் உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடக்கும். சீமைக் கருவேலமும் ஆவாரமும் தவிர அங்கே வேறெதுவும் பிழைத்ததில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய ஜனவரியில் மீரா இலை சேகரிக்க ஊருக்குப் போனாள். அதற்கு முன் அனுமதி வாங்கவே ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. உயிர்ப்பொருள் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது. வேலூரில் உள்ள ஒரு கல்லூரியின் ஆய்வகத்திலேயே மரபணுவைப் பிரித்து, எண்களை மட்டும் அவள் எடுத்துவரலாம் என்று முடிவாயிற்று. இதைக் கேட்டு சேகர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"தோல் போவுது, ஷூ போவுது, எங்க அக்காவே போய்ட்டா. அஞ்சு இலை போவக் கூடாதாமா?"

சேகர் ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்தவன். இப்போது மாதனூரைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து கம்பெனிக்கு ஆட்களை ஏற்றிவரும் பஸ்கள் விடுகிறான். தன் வேலையை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு மீராவுக்குக் கார் ஓட்டினான். இலையை உலர்த்த அவளுக்குச் சிலிக்கா மணிகள் தேவைப்பட்டன. ஷூ பெட்டிக்குள் போடும் சிறு பொட்டலம்தான் அது. "அவ்ளோதானா?" என்று கேட்டு ஒரு மூட்டை கொண்டுவந்து இறக்கினான். ஏலகிரி அடிவாரம், மாதனூர் ஏரிக்கரை, பாலாற்றங்கரை என்று சுற்றினார்கள். கடைசி நாளில் சில பொட்டலங்கள் மிஞ்சின. வீணாக்குவானேன் என்று பட்டைக்கொல்லைச் செடிகளிலும் சிலவற்றில் இலை பறித்தாள். திட்டத்தில் இல்லாதது அது.

3

முடிவுகள் வந்தது ஓர் அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை. மீரா மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து என்னைக் கூப்பிட்டாள். திரையில் நெருக்கமாகச் செங்குத்துக் கோடுகள். ஒவ்வொரு செடிக்கும் ஒரு கோடு. அதன் மரபு எந்த வழியில் வந்ததோ அதற்கு ஒரு நிறம். ஏலகிரி அடிவாரம் முழுக்க நீலம். பாலாற்றங்கரை ஏறக்குறைய நீலம். மற்ற மாவட்டங்களிலிருந்து வேறு ஆய்வாளர்கள் எடுத்தவை பச்சை, ஆரஞ்சு என்று அவரவர் இடத்தில் அவரவர் நிறம். வலது ஓரத்தில் ஒரு சிறு பகுதி மட்டும் எல்லா நிறமும் கலந்து, குடியாத்தத்தில் தறியிலிருந்து இறக்கிய லுங்கி மாதிரி இருந்தது.

"இது தப்பு என்று நினைத்து மூன்று முறை செய்துவிட்டேன்," என்றாள். "இது எந்த இடம் தெரியுமா? பட்டைக்கொல்லை."

பட்டைக் கட்டுகளைப் பற்றி மறுபடியும் சொன்னேன். கட்டோடு காய்ந்த காய்களும் வந்திருக்கும். கழிவோடு கொல்லையில் விழுந்திருக்கும். நாலு திசை ஆவாரமும் அங்கே முளைத்து, தேனீக்கள் தயவில் ஒன்றோடொன்று கலந்திருக்கும். இதற்கு என்னிடம் ஆதாரம் ஏதுமில்லை. ஊகம்தான். ஆனால் மீரா நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டாள். தாத்தாவின் குப்பைமேடு, நூறு மைல் சுற்றளவின் ஆவாரக் குடும்பங்களெல்லாம் கூடிய இடமாக இருந்தது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று அவளுக்கு. உப்பும் குரோமும் ஊறிய மண்ணில் அந்தச் செடிகள் தலைமுறை தலைமுறையாக நின்றிருக்கின்றன. பலவீனமானவை செத்துப் போயிருக்கும், தாங்கியவை மிஞ்சியிருக்கும். அவற்றில் எது, எதனால் தாங்கியது என்று தெரிந்தால், பாலாற்றங்கரையில் பயிர் விட்டுப்போன நிலங்களில் எதை நடுவது என்று சொல்ல முடியும். அதற்குச் சில இலைகள் போதாது. ஒவ்வொரு செடியிலிருந்தும் விதை வேண்டும். செடியும் அங்கேயே உயிரோடு இருக்க வேண்டும். அவள் ஆய்வின் மிச்சப் பாதி முழுவதும் அந்தத் துண்டு நிலத்தில் போய் நின்றது.

அன்றே சேகருக்கு வீடியோ கால் போட்டாள். "மாமா, பட்டைக்கொல்லை மிகவும் முக்கியம். பிப்ரவரியில் வருகிறோம். அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்."

"பாத்துக்கறேன் கண்ணு. மாமா எதுக்கு இருக்கேன்? நீ வர்றப்போ பாரு, அசந்துடுவே."

4

நாங்கள் போய் இறங்கிய மறுநாள்தான் அந்தச் சனிக்கிழமை. காரில் போகும்போதே சேகர் ஒரு மாதிரி துள்ளலில் இருந்தான். "கண்ண மூடிக்கோ," என்று மீராவிடம் சொன்னான். அவளும் சிரித்துக்கொண்டே மூடிக்கொண்டாள்.

கேட்டுக்குப் புதுப் பச்சை வர்ணம். மேலே ஒரு ஃப்ளெக்ஸ். ஒரு பக்கம் மீராவின் படம், மறுபக்கம் சேகர் கைகூப்பி நிற்கும் படம். நடுவில் 'டாக்டர் மீரா ஆவாரம் பூங்கா. அன்புடன் தாய்மாமன்' என்று மூன்று நிறத்தில் எழுத்து.

"அவ இன்னும் டாக்டர் ஆகலையேடா," என்றேன்.

"ஆவப் போறா இல்ல? அதுக்குன்னு ஃப்ளெக்ஸ ரெண்டு வாட்டி அடிக்க முடியுமா?"

கேட்டைத் திறந்தான். உள்ளே எங்கிருந்தோ கொண்டுவந்து பரப்பிய செம்மண். அதில் நூல் பிடித்த மாதிரி வரிசை வரிசையாக ஆவாரஞ்செடிகள். எல்லாம் இடுப்பளவு உயரம். ஒவ்வொன்றின் அடியிலும் சொட்டுநீர்க் குழாய். எல்லாவற்றிலும் ஒரே நாளில் பூத்தது போல மஞ்சள் பூ. சுற்றிலும் புது காம்பவுண்டுச் சுவர். கருவேல முள் இல்லை, வெள்ளை உப்புத் தரை இல்லை, பட்டைக்கொல்லையே இல்லை.

"கண்ணத் தொற," என்றான் சேகர். "பாரு! ஒண்ணுக்கொண்ணு இம்மாத்துண்டு வித்தியாசம் இருக்காது. நம்ம லைன்ல வச்சி செக் பண்ணாக்கூட ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆவாது. அத்தனையும் ஒரே தாய்ச் செடியோட வெத. நர்சரிக்காரன் கிட்ட ஏற்கெனவே வளர்ந்து நின்னத ஸ்பெஷலா சொல்லிப் பொறுக்கி எடுத்தது."

மீராவின் முகம் வெளிறுவதைப் பார்த்தேன்.

"பழைய செடிகள்?" என்றாள்.

"அத ஏன் கேக்குற? நஜீர் பாயோட ஜேசிபி ரெண்டு நாள் ஓடிச்சி. ஒரே முள்ளு, பாம்பு வேற. ஆவாரமாவது ஒழுங்கா இருந்துதா? ஒண்ணு நெட்ட, ஒண்ணு குட்ட, ஒண்ணு தரையோட படுத்துக்கினு கெடந்துது. வெளிநாட்டுலேர்ந்து பெரிய பெரிய ஆளுங்க பாக்க வந்தா இன்னா நெனைப்பாங்க?"

"எங்கே வைத்தீர்கள்?"

"வைக்கறதா? வெறகுக்குப் போய்டுச்சிமா."

பிறகு அவன் என் பக்கம் திரும்பினான். கண்ணில் தண்ணீர் மினுங்கியது, அவ்வளவு சந்தோஷம். "எப்டிக்கா இருக்கு?"

மீராவைப் பார்த்தேன். சுவர் வரை நீண்ட அந்த வரிசைகளைப் பார்த்தேன். "ரொம்ப அழகா இருக்குடா சேகரு," என்றேன்.

இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மீரா வயதுக்கு வந்தபோது நாங்கள் நெதர்லாந்தில் இருந்தோம். தாய்மாமன் ஓலைக் குச்சு கட்டவில்லை, தட்டு வரிசை தூக்கவில்லை, மாலை போடவில்லை. வீடியோவில் வாழ்த்துச் சொன்னான், அவ்வளவுதான். "ஒரு சீர் செய்ய வுடலையேக்கா நீ," என்று வருடத்துக்கு ஒரு முறையாவது சொல்வான். நான் சிரித்து மழுப்புவேன். இந்தத் தோட்டம் அந்தச் சீர். இத்தனை வருடம் மனதில் கிடந்ததை எல்லாம் சேர்த்து வைத்து அவன் செய்தது.

5

மதியம் வீட்டில் பிரியாணி. சேகரின் நண்பரான ஒரு பிரியாணி மாஸ்டரிடம் சொல்லி, எங்களுக்கென்று தனியாகத் தம் போட்டு, தேக்சா பாத்திரத்தோடு கொண்டுவந்திருந்தான். கத்தரிக்காயும் தயிர்ப் பச்சடியும் பக்கத்தில். சீரகச்சம்பா வாசம் கூடத்தை நிறைத்தது. மீரா பேசாமல் ஒரு கை எடுத்தாள்.

"எப்டி?" என்றான் சேகர். "கொல்லையில வாரின வெறகு மூணு லோடு மாஸ்டருக்குத்தான் குடுத்தேன். கருவேலங்கட்டைக்கு மேல ஆவாரங்குச்சியப் போட்டா ஜோரா புடிச்சிக்குதாம். இன்னிக்குத் தம்மு அதுலதான்."

மீராவின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. "எனக்குப் போதும்," என்று எழுந்துபோனாள். நான் சாப்பிட்டேன். "தோட்டம் அழகா இருக்குடா," என்று மறுபடியும் சொன்னேன்.

அன்று பிற்பகல் மீரா தனியாகக் கொல்லைக்குப் போய்விட்டு வந்தாள். முகம் தெளிந்திருந்தது. புதுச் சுவருக்கு வெளியே, பழைய கழிவுநீர்க் கால்வாய் வரை, நீளமாக ஒரு துண்டு இருக்கிறது; அதுவும் எங்களுடையதுதான். ஜேசிபி அங்கே போகவில்லை. பழைய ஆவாரஞ்செடிகள் அதில் நிற்கின்றன என்றாள். எல்லா நிறமும் இருக்குமா தெரியாது. ஆனால் இருப்பது அவ்வளவுதான்.

அவள் சொல்லி முடிக்கவில்லை, சேகர் டீயோடு மாடிக்கு வந்தான். "செவுத்துக்கு அந்தாண்ட போனியா? அது ஒரே பேஜாரு. கவலப்படாத, நாளைக்குக் காலைல பாய் வர்றாரு. அதையும் வாரிட்டு ஒரு ரூம் கட்டிடலாம். நீ வந்தா ஒக்காந்து படிக்கலாம் இல்ல?"

அவன் கீழே இறங்கியதும் மொட்டைமாடியில் எனக்கும் மீராவுக்கும் வாக்குவாதம். வெயில் அப்போதுதான் தணிந்திருந்தது. கம்பெனி விட்டுத் திரும்பும் பஸ்கள் தெருமுனையில் ஆள் இறக்கிக்கொண்டிருந்தன.

"நான் சொல்லப் போகிறேன்," என்றாள்.

"வேணாம் மீரா. அவன் தாங்க மாட்டான். அந்தப் பக்கம் வாஸ்து சரியில்ல, தோண்டக் கூடாதுன்னு ஜோசியர் சொன்னதா நான் சொல்லிக்கிறேன். கேட்டுக்குவான்."

"அது பொய்."

"பொய்தான். அதனால யாருக்கு என்ன நஷ்டம்?"

"அடுத்த மாதம் வேறு ஜோசியர் சரி என்று சொல்வார். அப்போது?"

நான் விடவில்லை. தாய்மாமன் சீர் என்றால் என்ன, அதை வேண்டாம் என்று சொல்வது எங்கள் பக்கம் எப்பேர்ப்பட்ட அவமானம் என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டாள். புரிந்துகொண்டாள் என்றே நினைத்தேன்.

6

ஞாயிறு காலை நாங்கள் போகும்போது ஜேசிபி சுவரோரம் நின்று உறுமிக்கொண்டிருந்தது. நஜீர் பாய் மேலே உட்கார்ந்தபடியே சலாம் வைத்தார். சேகரோடு பள்ளியில் படித்தவர்.

நான் முந்திக்கொண்டேன். "சேகரு, இந்தப் பக்கம் தோண்ட வேணாம்டா. வாஸ்து..."

"நீ எப்பக்கா வாஸ்து பாக்க ஆரம்பிச்ச? நம்ம வூட்ல வாஸ்துன்னு ரயிலடிப் பக்கம் வாசல் வச்சதையே நீதானே கிண்டல் பண்ணுவே!"

நஜீர் பாய் மேலிருந்து சிரித்தார். அதற்குள் மீரா வண்டிக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"மாமா, நிறுத்தச் சொல்லுங்கள்."

அவள் குரல் உயரவில்லை. அப்படியே ஒவ்வொரு வாக்கியமாக வைத்தாள். "நீங்கள் எடுத்துவிட்ட செடிகள்தான் எனக்கு வேண்டியவை. அவை ஒவ்வொன்றும் வேறு வேறு ஊரிலிருந்து வந்தவை. இந்த விஷ மண்ணில் எப்படிப் பிழைத்தன என்று பார்க்கத்தான் வந்தேன். நீங்கள் நட்டவை ஒரே தாயின் பிள்ளைகள். அதில் நான் படிக்க ஒன்றுமில்லை. நீங்கள் எல்லாவற்றையும் கொன்றுவிட்டீர்கள். தெரியாமல்தான். ஆனால் கொன்றுவிட்டீர்கள். இது மட்டும்தான் மிச்சம்."

நஜீர் பாய் எஞ்சினை நிறுத்தினார்.

"யா அல்லா," என்றார் அவர். "நான்தானே மகளே அத்தனையும் இழுத்துப் போட்டேன்."

சேகர் வண்டியின் மண் அள்ளும் கரண்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். "ஆவாரம் ஆவாரந்தானேமா?" என்று கேட்டான். வாதாடுவதற்காக அல்ல. உண்மையிலேயே தெரியாமல் கேட்டான்.

மீரா அவனுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "உங்கள் பஸ்ஸில் எத்தனையோ பெண்கள் வருகிறார்கள். எல்லோரும் மனிதர்தான். ஒருத்தி வரவில்லை என்றால், தெருவில் நிற்கிற இன்னொருத்தியை ஏற்றிக்கொண்டு, இவள்தான் அவள் என்று சொல்வீர்களா?"

"மாட்டேன்," என்றான். "அவ அம்மாக்காரி என்ன வெட்டிடுவா."

சிரிப்பதற்காகச் சொன்னது இல்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. அவன் தலை மெல்ல ஆடிக்கொண்டே இருந்தது. பிறகு எழுந்து, "பாய், வண்டியத் திருப்பிக்கோ," என்றான். பாய் வண்டியைப் பின்னுக்கு எடுத்தார்.

எல்லாம் முடிந்துவிட்டது, நினைத்ததைவிட நன்றாகவே முடிந்தது என்று எண்ணினேன். அப்போதுதான் அவன் என் பக்கம் திரும்பினான்.

"உனக்கு நேத்தே தெரியுமாக்கா?"

நான் ஜேசிபி போன தடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தெரிஞ்சுதான் அழகா இருக்குன்னு சொன்னியா?"

"உன் மனசு நோகக் கூடாதுன்னுதான்டா..."

"ஒரு வாட்டி இல்ல. சாப்புடறப்போ சொன்ன. சாயங்காலம் தேவி கிட்ட சொன்ன." தேவி அவன் மனைவி. "நான் ராத்திரில்லாம் சந்தோஷத்துல தூங்கல. நீங்க ரெண்டு பேரும் மேல ஒக்காந்து, இவன் கிட்ட எத்த சொல்றது, எத்த மறைக்கறதுன்னு பேசிக்கினு இருந்தீங்களா?"

"மாமா, நான் சொல்ல வேண்டும் என்றுதான்..." என்று மீரா ஆரம்பித்தாள்.

"உன்ன சொல்லல கண்ணு," என்றான் சேகர். "நீ சொல்லிட்ட."

எதிர்பாராத திசையிலிருந்து அறை விழுந்தது போல இருந்தது. அவன் மனதைக் காப்பாற்றியவள் நான் என்றும், உடைத்தவள் மீரா என்றும்தான் அந்த நிமிடம் வரை கணக்கு வைத்திருந்தேன்.

7

மிச்சமிருந்த நாட்களில் மீராவும் சேகரும் தினமும் அந்தத் துண்டில்தான் கிடந்தார்கள். அவன் குடை பிடித்தான், முள்ளை விலக்கினான், அவள் சொன்ன செடியில் சொன்ன காயைப் பறித்துத் தனித்தனி உறையில் போட்டான். "இதுவும் வேற, அதுவும் வேறயா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். விதைகள் வேலூர்க் கல்லூரியிலேயே பத்திரமாக இருக்கின்றன. ஃப்ளெக்ஸை அவனே கழற்றிச் சுருட்டினான். என்னோடு சண்டையில்லை. "சாப்டியாக்கா?" என்று கேட்பான். பதிலுக்குக் காத்திருக்க மாட்டான். விமான நிலையத்தில் மீராவைக் கட்டிக்கொண்டான். என் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டு, "பாத்துப் போ," என்றான்.

அதன் பிறகு ஒரு வருடம். ஞாயிறுதோறும் அவன் மீராவுக்கு அந்தத் துண்டின் படம் அனுப்புவான். எனக்கு அனுப்புவதில்லை. நான் கூப்பிட்டால் தேவி எடுப்பாள். "அவரு பஸ்ஸ பாக்கப் போயிருக்காரு அண்ணி," என்பாள். பின்னால் அவன் இருமுவது கேட்கும். கிடங்கில் வெள்ளை விளக்கின் கீழ், ஜோடி சேராத ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு பல முறை நின்றிருக்கிறேன். மேற்பார்வையாளர் வந்து ஏதாவது பிரச்சினையா என்று கேட்பார். டச்சு மொழியில் எனக்கு உடனே வருவது ஒரே பதில்தான்: எல்லாம் நன்றாக இருக்கிறது. வந்த புதிதில் கற்ற முதல் வாக்கியங்களில் ஒன்று அது. யோசித்துப் பார்த்தால் தமிழிலும் நான் அதைத்தான் வாழ்நாள் முழுக்கச் சொல்லி வந்திருக்கிறேன். அப்பாவுக்கு எழுதிய கடிதங்களில், அம்மாவுக்குப் போட்ட போன்களில், பனியில் வழுக்கிக் கையை முறித்துக்கொண்ட வாரத்தில்கூட. தூரத்தில் இருக்கிறவர்களை நோகடிக்கக் கூடாது என்பது எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு மதம் மாதிரி ஆகிவிட்டது. அது அடுத்தவரை ஒன்றும் தெரியாத குழந்தையாக்கி வைக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

இன்று காலை மீரா வந்திருந்தாள். காபி குடித்துக்கொண்டிருக்கும்போது அவள் போன் அடித்தது. சேகர். கொஞ்சம் பேசிவிட்டு அவள் போனை என்னிடம் நீட்டினாள். "உன்னிடம் பேச வேண்டுமாம்."

போனை வாங்கிக்கொண்டேன்.

"ஒரு போட்டோ அனுப்பியிருக்கேன் உனக்கு," என்றான். வணக்கமோ நலமோ ஒன்றும் இல்லை. "பாரு. இங்க தேவியக் கேட்டா நல்லாதான் இருக்குன்றா. பாயக் கேட்டா மழ பேஞ்சா தேறிடும்ன்றாரு. நீ சொல்லு, எப்டி இருக்குன்னு. நெஜத்த சொல்லு."

என் போனை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கினேன். பட்டைக்கொல்லையின் மிச்சம். கால்வாய் ஓரத்துச் செடிகள் பச்சையாக இருந்தன. அங்கிருந்து சுவரை நோக்கி வர வர இலை குறைந்து, சுவரை ஒட்டிய வரிசை வெறும் குச்சியாக நின்றது. ஒரு வருடத்துக்கு முன் மீரா காய் பறித்த செடிகள் அவை. வாய் வரைக்கும் வந்துவிட்டது, பரவாயில்லை சேகரு, பச்சையும் இருக்கே என்று.

"செவுத்தோரம் இருக்கறது அத்தனையும் பட்டுப்போச்சுடா," என்றேன். "பாதிக்கு மேல இருக்கும். நடுவுல இருக்கறதும் இந்தக் கோடையத் தாங்காது. கொல்லையிலேர்ந்து வழிஞ்சி வர்ற மழத் தண்ணிய உன் செவுரு மறிச்சிடுச்சி."

மீரா மேசையின் மறுபக்கத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாக்கா," என்றான் கடைசியில். "எனக்கும் அதுதான் தோணிச்சி. நம்மளா நெனைச்சிக்கறமோன்னு இருந்தேன்."

"இப்ப என்னடா பண்றது?"

"இடிச்சிட வேண்டியதுதான். நாளைக்குக் காலைல பாய வரச் சொல்றேன்." சற்று நிறுத்தினான். "நீ வீடியோல லைன்ல இரு. செடி வேரு எதுவும் மாட்டாம, எங்கேர்ந்து இடிக்கறதுன்னு பாத்து சொல்லு. தப்பா இருந்தா தப்புன்னு சொல்லு."